விலக்கில் தொடங்குங்கள்: ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊராட்சி மன்றத் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், தலைவர் இல்லாத ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் தனி அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம் வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிப்ரவரியில், ஊர்ச்சாலை பெரிய ரோட்டில் ஏறும் அதே விலக்கில், அதே வளைவில், நெல் காயும் அதே ரோட்டில் மறுபடியும் ஒருவர் விழுகிறார். பிள்ளைகளின் ஊர்வலத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த ஊர்வலம் கடந்துபோகும் சாலையில் எது ஆளைக் கொல்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லையே என்பதுதான் எங்கள் வருத்தம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் நடந்த சாவுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊரகப் பகுதிகளில் நடந்தவை. நகரத்தில் நெரிசல் உண்டு, ஆனால் அந்த நெரிசலே வேகத்தைப் பிடித்து வைக்கிறது. நம் ஊர்ப் பக்கம் ரோடு காலி, வேகம் அதிகம், வெளிச்சம் குறைவு, ஆஸ்பத்திரி தூரம். நகரத்தில் கை முறிவதோடு போகிற விபத்து இங்கே ஆளையே கொண்டுபோய்விடுகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரப்போகும் கூட்டத்தில் ஊர்ச் சாலையைத் தனிப் பொருளாக வையுங்கள். அதற்கு முந்தைய வாரம், பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறையும், இருட்டிய பிறகு ஒரு முறையும் அந்தச் சாலையை நடந்து பாருங்கள். ஐந்தாறு பேர் போதும். ஒரு பெண் வார்டு உறுப்பினர், பள்ளி ஆசிரியர் ஒருவர், டிராக்டர் ஓட்டுகிறவர், பால் ஊற்றப் போகிறவர் என்று அந்தச் சாலையைத் தினமும் மிதிக்கிறவர்கள் இருக்கட்டும். கையில் ஐந்து மீட்டர் டேப்பு, ஒரு சிவப்புத் துண்டு, நோட்டு, டார்ச் இருந்தால் சரி. எதைப் பார்ப்பது, எதை அளப்பது, யாரிடம் கேட்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் விலக்குக்குப் போங்கள். சில மாவட்டங்களில் பிரிவு என்பீர்கள், வடக்கே கூட்ரோடு என்பார்கள். ஊருக்குள்ளிருந்து வரும் சாலை பெரிய ரோட்டில் ஏறுகிற இடம். ஓர் ஊருக்குச் சாவு அடிக்கடி வருகிற இடமும் அதுதான்.

அங்கே ஒருவரை பைக்கில் உட்காரவைத்து, பெரிய ரோட்டின் தார் விளிம்புக்குச் சற்று முன்னே நிறுத்துங்கள். இன்னொருவர் சிவப்புத் துண்டை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, பெரிய ரோட்டோரமாக 160 எட்டு நடந்து போய் நிற்கட்டும். சாதாரண நடையில் அது ஏறக்குறைய 120 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் பார்த்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்கு 120 மீட்டர் வேண்டும் என்று, சாலை அமைப்பதற்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் நெறிமுறை சொல்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 80 மீட்டர், 40 கிலோமீட்டருக்கு 45 மீட்டர். பைக்கில் இருப்பவருக்குச் சிவப்புத் துண்டு தெரிகிறதா? தெரியவில்லை என்றால், எந்த இடத்தில் மறைகிறது, எது மறைக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள்.

பெரும்பாலும் மறைப்பது சீமைக்கருவேல். அதை மேலாக வெட்டிவிட்டால் ஒரு மழைக்கே பழைய உயரத்துக்கு வந்துவிடும். வேரோடு எடுத்தால்தான் நிற்கும். அடுத்து மறைப்பவை நாமே வைப்பவை: திருமண வாழ்த்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்கள். விபத்தில் இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அதே விலக்கில் கட்டப்பட்டு, அடுத்து வருகிறவரின் பார்வையை மறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கும். தயவுசெய்து விலக்கிலிருந்து இருபுறமும் அந்த 160 எட்டுக்குள் எந்த பேனரும் கூடாது என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். இதற்குப் பணமே வேண்டாம். டீக்கடைக் கூரையும், கடை வாசலில் நிறுத்துகிற லாரியும் இதே கணக்கில் வரும்.

பார்வை கிடைத்தும் ஆட்கள் ஏன் நிற்காமல் ஏறுகிறார்கள் என்று கேட்டால், விடை காலடியில் இருக்கிறது. பெரிய ரோட்டுக்குத் தார் மேல் தார் போட்டு மட்டம் உயர்ந்துகொண்டே போனது. ஊர்ச்சாலை அதே பள்ளத்தில் நிற்கிறது. கடைசிச் சில மீட்டர் ஏற்றம், விளிம்பில் பெயர்ந்த ஜல்லி. பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, முன்னால் தீவன மூட்டை என்று வருகிறவரால் அந்த ஏற்றத்தில் காலூன்றி வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. வண்டி பின்னால் உருளும், அல்லது ஜல்லியில் கால் வழுக்கும். அதனால் கீழேயே ஆக்சிலேட்டரை முறுக்கி, ஒரே மூச்சில் மேலே ஏறி, ஏறிய பிறகுதான் வலமும் இடமும் பார்க்கிறார். இதை ஓட்டுநரின் அலட்சியம் என்று எழுதி முடித்துவிட்டால் அடுத்தவரும் அப்படியேதான் ஏறுவார். பெரிய ரோட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு வண்டி முழுதாக நிற்கும் அளவு, குறைந்தது ஐந்தாறு மீட்டர், சமதளம் வேண்டும். மண் கொட்டிச் சமன் செய்து, மேலே தார் அல்லது கான்கிரீட் போடுகிற சின்ன வேலை. ஊர்ச்சாலை ஊராட்சியினுடையதாகவோ ஒன்றியத்தினுடையதாகவோ இருக்கும், ஆகவே இதைக் கேட்டு வாங்குவது உங்கள் கைக்கு எட்டியது.

அந்தச் சமதளத்துக்கு முன்னால், ஊர்ச்சாலையில், ஒரு வேகத்தடை போடுங்கள். பெரிய ரோட்டில் போகிறவனை நிறுத்துவதைவிட, பெரிய ரோட்டில் ஏறப்போகிறவரை நிறுத்துவது எளிது, அதில் ஆபத்தும் குறைவு.

வேகத்தடை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சாவு நடந்தால் மறியல் நடக்கும். மறியலில் முதல் கோரிக்கை வேகத்தடை. கூட்டத்தைக் கலைக்க அன்றிரவே இரண்டு கூடை கலவை கொட்டி ஒரு மேடு எழும்பும். அதன் அகலம் ஒரு முழம், உயரம் ஒரு சாண். வர்ணம் கிடையாது, பலகை கிடையாது. மறுவாரம் இரவில் தெரியாமல் அதில் ஏறித் தூக்கிப்போட்டு, பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த பெண் மல்லாக்க விழுவார். பின்சீட்டுப் பெண்களின் தலைக்காயம் இப்படி நேர்வது அதிகம். தலையைக் காக்க வைத்த மேடு தலையை உடைக்கிறது.

நெறிமுறைப்படியான வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளத்துக்குப் பரவி, நடுவில் 10 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்திருக்கும். ஏறுவதும் இறங்குவதும் தெரியாத சீரான வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் குலுக்காது, அதற்கு மேல் போனால் குலுக்கும். அளப்பது எளிது. மேட்டின் உச்சியில் ஒரு நீளமான பலகையை மட்டமாக வைத்து, பக்கத்துத் தார் மட்டத்திலிருந்து டேப்பால் உயரம் பாருங்கள். 10 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, மேடு மொத்தமே ஒரு மீட்டருக்குள் முடிந்துவிட்டாலோ, அதை இடித்துவிட்டுச் சரியாகப் போடச் சொல்லுங்கள். மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை, இரவில் ஒளிரும் வர்ணம், 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகை ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் வேகத்தடை. வர்ணம் ஓராண்டு மழையிலும் டயரிலும் அழிந்துவிடும். தீபாவளிக்கு முன் ஒருமுறை ஊராட்சியே பூசிவிடலாம்.

தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கேட்காதீர்கள், அங்கே அனுமதி இல்லை. கேட்டால் மனு அப்படியே திரும்பும், ஆறு மாதம் வீணாகும். அங்கே கேட்க வேண்டியவை வேறு: விலக்குக்கு முன் தார்மேல் குறுக்கே போடும் அதிர்வுப் பட்டைகள், மஞ்சள் நிறத்தில் விட்டுவிட்டு எரியும் சூரிய ஒளி விளக்கு, கிளைச்சாலை இருப்பதைக் காட்டும் பலகை, விலக்கில் உயர்கம்ப விளக்கு.

எது யாருடைய ரோடு என்று தெரியாமல் மனு போடுவதால்தான் பாதி வேலை நடப்பதில்லை. கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மாநில நெடுஞ்சாலைக்கும் மாவட்டச் சாலைகளுக்கும் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர். ஒன்றியச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். தேசிய நெடுஞ்சாலையில் அவசரம் என்றால் 1033. இவை எல்லாவற்றின் நகலும் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான்.

விலக்கில் இருக்கும்போதே பேருந்து நிறுத்தத்தையும் பாருங்கள். நிழற்குடை விலக்குக்கு முன்னால் இருந்தால், நிற்கிற பஸ் பார்வையை முழுதாக அடைத்துவிடும். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளை அதே பஸ்ஸின் முகத்துக்கு முன்னால் ஓடிக் கடக்கும், பஸ்ஸை முந்துகிற கார் அந்தப் பிள்ளையைப் பார்க்காது. நிறுத்தம் விலக்கைத் தாண்டிச் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். நிழற்குடையை நகர்த்துவது செலவு என்றால், பஸ் நிற்கும் இடத்தையாவது மாற்றிக் கோடு போடச் சொல்லலாம். பஸ் கிளம்பிப் போன பிறகுதான் கடக்க வேண்டும் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வதோடு நிறுத்தாமல், பிள்ளைகளை விலக்குக்கே கூட்டி வந்து நாலைந்து முறை கடக்கவைத்துப் பழக்க வேண்டும்.

அடுத்தது களம். டெல்டாவில் தை, மாசியில் நெல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகும் கொள்ளும், இன்னும் பல இடங்களில் சோளம், எள், உளுந்து எல்லாம் தார்ரோட்டில் காய்கின்றன. காரணம் எல்லோருக்கும் தெரியும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். மழையில் நனைந்த நெல்லை இரண்டு நாளில் காயவைத்தாக வேண்டும், இல்லையென்றால் முளைத்துவிடும். ஊரில் களம் இல்லை, இருக்கிற களம் வெடித்துக் கிடக்கிறது, ரோடோ வழுவழுவென்று சூடாக இருக்கிறது. விவசாயி வேறு எங்கே போவார்?

ஆனால் அந்த ரோட்டில் வருகிற பைக்குக்கு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். காய்ந்த நெல்மணி டயருக்கும் தாருக்கும் நடுவே பால்ரஸ் குண்டுபோல உருள்கிறது. பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. கேழ்வரகும் எள்ளும் இன்னும் சிறியவை, இன்னும் மோசம். பாதி ரோட்டில் நெல் என்றால் இரு பக்க வண்டியும் மீதிப் பாதியில் எதிரும் புதிருமாக வரும். கொள்ளுச் செடியை மிதிபட்டு உதிரட்டும் என்று ரோட்டில் பரப்புவார்கள். அதன் கொடி காரின் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிப்பது உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடியது கல். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள், சாயங்காலம் நெல்லை அள்ளிவிட்டுக் கல்லை அப்படியே விட்டுப்போவார்கள். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வருகிற பையன் அந்தக் கல்லில் ஏறுவான்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின்படி பொதுவழியில் இடையூறு செய்தால் 5,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தால் மட்டும் இது தீராது என்பது எங்கள் உறுதியான கருத்து. களம் கட்டுங்கள், பழுதான களத்தைப் பூசுங்கள். அதுவரை, அறுவடைக்கு முன்னரே கிராம சபையில் பேசி இடம் ஒதுக்குங்கள்: கோயில் திடல், வார விடுமுறையில் பள்ளி மைதானம், சமுதாயக் கூடத்து முன்வாசல். தார்ப்பாய் விரித்தால் மண் தரையும் களம்தான். எவ்வளவு முடியாத நிலையிலும் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பஸ் போகும் சாலையிலும் வளைவிலும் தானியம் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு ஒரு கல்கூட ரோட்டில் இருக்கக் கூடாது. கல்லுக்குப் பதில் கயிறு கட்டிய மரக்கிளை, காலி டின் என்று இடித்தால் நகரக்கூடிய எதையாவது வைக்கச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு ஒருமுறை நடந்து பார்க்கும் பொறுப்பை ஊராட்சிப் பணியாளர் ஒருவருக்குக் கொடுங்கள்.

இனி இரவு நடை. இருட்டிய பிறகு பைக் விளக்கு வெளிச்சத்தில் சாலையைப் பாருங்கள். எது தெரியவில்லையோ அதுதான் இடிபடப் போகிறது.

முதலில் தெரியாமல் போவது டிராக்டர் டிரெய்லர். வயலிலும் வரப்பிலும் போய்வருவதால் பின்விளக்கு உடைந்திருக்கும், ஒயர் அறுந்திருக்கும். கரும்போ வைக்கோலோ ஏற்றினால் லோடு பின்னால் நீட்டி, இருக்கிற விளக்கையும் மூடிவிடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் டிரெய்லருக்குப் பின்னால் 60-ல் வருகிற பைக், இருக்கிற இடைவெளியில் நொடிக்கு 12 மீட்டருக்கு மேல் விழுங்குகிறது. பைக் விளக்கு வெளிச்சத்தில் டிரெய்லர் தெரியும்போது மிச்சம் இருப்பது மூன்று நான்கு நொடிதான். நாட்டில் பின்னாலிருந்து மோதும் விபத்துகள் அதிகமாக இருப்பதற்கு இப்படி விளக்கில்லாமல் நிற்கும், ஊரும் வண்டிகளும் ஒரு காரணம்.

இதற்கு மருந்து ஒளி திருப்பும் ஸ்டிக்கர் பட்டை. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. இந்த நிறம் மாறக் கூடாது, ஏனென்றால் பின்னால் வெள்ளை ஒட்டினால் எதிரே வருகிற வண்டி என்று நினைப்பார்கள். பின்பலகையின் நடுவில் ஒரு துண்டு ஒட்டினால் தூரத்தில் அது ஒரு சைக்கிள்போலத் தெரியும். இடக்கோடி முதல் வலக்கோடி வரை ஒட்டினால்தான் வண்டியின் அகலம் தெரியும். ஒட்டும் முன் சேற்றைக் கழுவி, துடைத்து, காயவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டியது ஒரு வாரத்தில் உரிந்துவிடும். லோடு நீட்டிக்கொண்டிருந்தால், லோடின் கடைசி முனையில் ஒளி திருப்பும் முக்கோணம் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஓர் ஊரில் முப்பது நாற்பது டிரெய்லர் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பள்ளித் திடலுக்கு வரவைத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ ஒருவரை அழைத்து, பட்டை ஒட்டி முடித்துவிடலாம். எங்கள் கணக்கில் ஊர்வலத்தைவிட இதுதான் பெரிய விழிப்புணர்வு நிகழ்ச்சி.

அதே நாளில் டிராக்டர் ஓட்டுகிறவர்களிடம் பிரேக்கைப் பற்றியும் பேசுங்கள். டிராக்டரில் வலக்காலடியில் இரண்டு பிரேக் மிதி. வயலில் திரும்புவதற்கு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடிக்க அவை தனித்தனியாக இருக்கின்றன. ரோட்டுக்கு ஏறும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் போட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் வெட்டி இழுத்துக் கவிழும். கொக்கியே கழன்று காணாமல்போன டிராக்டர்கள் ஏராளம். டிரெய்லருக்குப் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது, ஆகையால் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் லோடு பின்னாலிருந்து தள்ளும். மட்கார்டில் ஆள் உட்காரக் கூடாது. அந்த இடத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்பதையும் சொல்லுங்கள்.

மாட்டு வண்டியின் பின்கட்டைக்கும், சைக்கிளின் மட்கார்டுக்கும் அதே சிவப்புப் பட்டை. இரவில் மேயவிடும் மாடுகளுக்குக் கழுத்துப் பட்டையில் ஒட்டலாம். நடந்து போகிறவர்கள் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி முகத்தைப் பார்த்தபடி போக வேண்டும். அதிகாலையில் பால் கறக்கவும் பூப்பறிக்கவும் போகும் பெண்கள் கையில் டார்ச் இருக்கட்டும். பஞ்சரான லாரிக்குப் பின்னால் தழை ஒடித்துப் போட்டுக் கல் வைப்பது நம் பழக்கம். இருட்டில் தழை தெரியாது, வண்டி கிளம்பிய பிறகு கல் அங்கேயே கிடக்கும். இரவு நடையில் சாலையோரக் கிணறுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு வளைவுக்குப் பக்கத்தில் இருந்தால், அது பட்டா நிலத்தில் இருந்தாலும் உரிமையாளரிடம் பேசிச் சுவர் எழுப்புவதும், தடுப்புக் கம்பி கேட்பதும் தள்ளிப்போடக் கூடாத வேலை.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதைப் பற்றிச் சுருக்கமாக. நடவுக்கு, களையெடுப்புக்கு, காதுகுத்துக்கு, துக்கத்துக்கு என்று குட்டி யானையில் இருபது இருபத்தைந்து பேர் நின்றுகொண்டு போகிறார்கள். நிற்கிற ஆட்களின் பாரம் மேலே இருப்பதால் வளைவில் வண்டி சாயும். பக்கப் பலகை இடுப்புக்குக் கீழே நிற்பதால் ஆட்கள் சிதறி விழுவார்கள். கவிழ்ந்தால் சரக்கு வண்டி இன்ஷூரன்ஸ் அதில் ஏறிய பயணிகளுக்குப் பொறுப்பேற்பதில்லை. கூலிக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரிகளைக் கிராம சபைக்கு அழைத்து இதை நேராகச் சொல்லுங்கள். வேலை நேரத்துக்கு டவுன் பஸ் இல்லாத ஊர் என்றால், பஸ் நேரத்தை மாற்றக் கேட்டும் ஒரு தீர்மானம் போடுங்கள். மாற்று வழி இல்லாமல் தடை மட்டும் போட்டால் பெண்களின் கூலிதான் போகும்.

தலைக்கவசத்துக்கு வருவோம். "இந்தா, டீக்கடை வரைக்கும்தானே" என்பதுதான் ஊரில் கேட்கிற பதில். 2022-இல் தலைக்கவசம் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். சரியான தலைக்கவசம் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும், சாவின் ஆபத்தை 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். அதில் 'சரியான' என்ற சொல்தான் முக்கியம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். மாட்டி, வாரைப் பூட்டி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கவசம் மட்டும் சுழன்று கன்னம் அசையாமல் இருந்தால் அது பெரிய அளவு. வாருக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. வார் பூட்டாத கவசம் முதல் இடியிலேயே தலையை விட்டுப் பறந்துவிடும், தலை அதற்குப் பிறகுதான் தரையில் மோதும். உள்ளே இருக்கும் தெர்மகோல் ஒருமுறை நசுங்கினால் மீளாது. ஒரு விபத்தில் அடிபட்ட கவசத்தை மறுபடி போடக் கூடாது. நன்கொடையாளர்கள் இலவசமாகக் கொடுக்க முன்வந்தால், ஒரே அளவில் நூறு வாங்காமல் மூன்று அளவில் வாங்கச் சொல்லுங்கள், பின்சீட்டுக்காரருக்கும் கேளுங்கள். பின்சக்கரத்தில் சேலைத் தடுப்பைக் கழற்றி வைத்திருப்பவர்களை மாட்டச் சொல்லுங்கள். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் கழுத்தோடு இழுக்கும்.

பதினாறு வயதுப் பையன் கையில் வண்டிச் சாவி கொடுக்கிற பெற்றோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைப் படித்துக் காட்டுங்கள். பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஊரில் பலருக்கு இது தெரியாது.

விபத்து நடந்துவிட்டால் முதலில் ஓடி வருகிறவர்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்கள் செய்யும் இரண்டு தவறுகள் உயிரைப் பறிக்கின்றன. ஒன்று, தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்றுவது. நினைவு தப்பியவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டு, கையை ஒருவர் காலை ஒருவர் பிடித்துத் தூக்கி ஆட்டோவுக்குள் மடக்கித் திணிப்பது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலில் தண்டுவடம் அறுந்து, பிழைத்தாலும் வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான்.

செய்ய வேண்டியது இது. ஒருவர் வண்டிகளைத் தள்ளி நிறுத்தட்டும். ஒருவர் 108-க்குப் பேசட்டும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால், தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க, நாலு பேர் சேர்ந்து ஒரு மரக்கட்டையைப் புரட்டுவதுபோல ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துண்டை மடித்து வைத்து, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். ஆம்புலன்ஸ் வர வழியே இல்லை, தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கதவுப் பலகையிலோ பெஞ்சிலோ படுக்கவைத்துச் சின்ன வேனில் கொண்டுபோங்கள்.

108-க்குப் பேசும்போது "புதூர் பக்கத்துல" என்றால் அவர்களுக்கு மாவட்டத்தில் பத்துப் புதூர் இருக்கும். மாவட்டம், தாலுகா, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், கிலோமீட்டர் கல்லின் எண், பக்கத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டியோ பள்ளியோ என்ற வரிசையில் சொல்லுங்கள். ஊராட்சி இதை முன்கூட்டியே செய்து வைக்கலாம். விலக்கு, வளைவு, பாலம், பள்ளி என்று ஐந்தாறு இடங்களுக்கு இந்த விவரத்தை ஒரு பலகையில் எழுதி அங்கேயே நட்டுவிடுங்கள். பேசுகிறவர் பதற்றத்தில் அதைப் படித்துச் சொன்னால் போதும். ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும்.

போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டிவருமோ என்ற பயத்தில்தான் பலர் ஒதுங்கிப்போகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, உதவ வந்தவர் மீது வழக்கு கிடையாது என்கிறது. பெயரைச் சொல்லக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரையறுத்த தொகை வரை கட்டணம் இல்லை. உங்கள் பக்கத்தில் எந்த மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று இப்போதே கேட்டு, ரேஷன் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்க வைக்க வேண்டியது ஊராட்சியின் கடமை என்று நினைக்கிறோம்.

கடைசியாகத் தீர்மானம். "விபத்தைத் தடுக்க ஆவன செய்யக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "எங்கள் ஊர் விலக்கு, இன்ன சாலையில் கி.மீ. 12/4 கல்லுக்கு அருகில் உள்ளது. விலக்கில் நிற்பவருக்குக் கிழக்கே 50 மீட்டருக்கு மேல் சாலை தெரியவில்லை. மறைப்பது சாலையோரச் சீமைக்கருவேல். ஊர்ச்சாலை கடைசி 6 மீட்டரில் 70 சென்டிமீட்டர் ஏறுகிறது. முட்செடியை வேரோடு அகற்றவும், சமதளம் அமைக்கவும், கிளைச்சாலைப் பலகை இருபுறமும் நடவும் கேட்கிறோம். அளவும் படங்களும் இணைப்பில்." ஓர் இடத்துக்கு ஒரு தீர்மானம். அளவு இருந்தால் பொறியாளர் மதிப்பீடு போட முடியும். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக அதன் நிலையைப் படியுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இவற்றில் சில, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாதவை. தெருவிளக்கு ஊராட்சியினுடையது. முதல் இரவு நடைக்குப் போகும்போது விலக்கில் பல்பு எரியவில்லை என்றால், மறுநாள் காலை மின்பணியாளரை ஏணியோடு அங்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஊரகச் சாலைப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் சிலர்